கொழுப்பைக் கணக்கில் பிடித்த கதை

1942-இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கிவிட்டிருந்தது. ஒருவர் குண்டா, இல்லையா என்று அப்போது தீர்ப்புச் சொன்னது உயரம்-எடை அட்டவணை. அதைத் தயாரித்தவை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள். இந்த உயரத்துக்கு இத்தனை எடை என்ற வரம்பைத் தாண்டியவர் படைக்கும் ஆகமாட்டார், முதல் தரக் காப்பீட்டுக்கும் ஆகமாட்டார். அந்த ஆண்டில் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் அவருடைய குழுவினரும், அமெரிக்கக் கால்பந்தைத் தொழிலாக ஆடிய 25 வீரர்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். அட்டவணைப்படி 17 பேர் அளவுக்கு மீறிய எடை. அதே ஆட்களைத் தண்ணீருக்குள் அமுக்கி எடை பார்த்தபோது கதை மாறியது. அவர்களில் பெரும்பாலோர் உடம்பில் கொழுப்பு குறைவு. எடையாக நின்றது தசை.

எடை வேறு, கொழுப்பு வேறு என்று எண்களால் காட்டிய முதல் பெரிய ஆய்வு இது. எடை குறைக்க முயல்பவர்களை இன்றுவரை குழப்பும் கணக்குகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பென்கேயின் அக்கறை காப்பீட்டைப் பற்றியதும் அல்ல, அழகைப் பற்றியதும் அல்ல. அவர் முக்குளிப்பவர்களின் மருத்துவர். 1939-இல் நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் ‘ஸ்குவாலஸ்’ என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியபோது, 33 பேரை உயிரோடு மேலே கொண்டுவந்த மீட்புப் பணியில் அவரும் இருந்தார். ஆழத்தில் வேலை செய்பவரின் உடம்பில் நைட்ரஜன் கரைந்து சேரும். அவசரமாக மேலே வந்தால் அது குமிழிகளாகிக் கைகால்களை முடக்கும், உயிரையும் வாங்கும். நைட்ரஜன் தண்ணீரில் கரைவதைவிடக் கொழுப்பில் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாகக் கரையும். ஆகவே எந்த முக்குளிப்பவர் உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்பது கடற்படைக்கு உயிர் போகும் கேள்வி.

அதற்கு அவர் கையில் எடுத்தது ஆர்க்கிமிடீஸின் பழைய வழி. கொழுப்பு தண்ணீரில் மிதக்கும். தசையும் எலும்பும் மூழ்கும். ஒருவரைக் காற்றில் ஒரு முறையும் தண்ணீருக்குள் ஒரு முறையும் எடை போட்டால் உடம்பின் கன அளவு கிடைக்கும், அதிலிருந்து அடர்த்தி. அடர்த்தி குறையக் குறையக் கொழுப்பு அதிகம்.

சொல்ல எளிது, செய்து முடிப்பது பெரும்பாடு. தொட்டிக்குள் ஒரு நாற்காலி தராசிலிருந்து தொங்கும். அதில் உட்காருபவர் மேலே மிதந்துவிடாமலிருக்கப் பாரம் கட்டிக்கொள்வதும் உண்டு. பிறகு தலை முழுகும்படி குனிந்து, நுரையீரலில் உள்ள காற்றையெல்லாம் குமிழி குமிழியாக ஊதித் தள்ளிவிட்டு, தராசு முள் ஆடி அடங்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். மூச்சு முட்டும் அந்தச் சில நொடிகளில்தான் அளவு எடுப்பார்கள். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவரும்வரை இது நடக்கும். எவ்வளவு ஊதினாலும் நுரையீரலில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் காற்று தங்கிவிடும். அதைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் மொத்தக் கணக்கும் பிசகும்.

அடர்த்தியிலிருந்து கொழுப்புக்குத் தாவ ஒரு சூத்திரம் வேண்டியிருந்தது. அதைத் தந்தவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த உயிர் இயற்பியலாளர் வில்லியம் சிரி. மனிதர் மலையேறியும்கூட: 1954-இல் இமயத்தின் மகாலு சிகரத்துக்குச் சென்ற அமெரிக்கக் குழுவின் தலைவர், 1963-இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவின் துணைத் தலைவர். 1950களில் அவர் எழுதிய சூத்திரம் ஒரே வரி. 495-ஐ உடல் அடர்த்தியால் வகுத்து, வருவதிலிருந்து 450-ஐக் கழித்தால் கொழுப்புச் சதவீதம்.

இந்த ஒரு வரிக்குள் இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. கொழுப்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம், கொழுப்பு நீங்கலான உடம்பின் அடர்த்தி 1.1 கிராம். முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவதுதான் சிக்கல். தசை, எலும்பு, தண்ணீர், குடல், மூளை எல்லாம் சேர்ந்த கலவைக்கு எல்லோரிடத்திலும், எல்லா நாளும் ஒரே அடர்த்தி என்று கொண்டால்தான் சூத்திரம் ஓடும். அந்த 1.1 என்ற எண், விலங்குகளையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மனித உடல்களையும் ஆராய்ந்ததில் வந்தது.

எண் கொஞ்சம் நகர்ந்தால் என்ன ஆகும்? 80 கிலோ எடையுள்ள ஒருவரின் அடர்த்தி 1.05 என்றால் கொழுப்பு 21.4 சதவீதம். 1.06 என்றால் 17 சதவீதம். இந்த இரண்டு அடர்த்திகளுக்கும் இடையில் உள்ள கன அளவு முக்கால் லிட்டர்கூட இல்லை. நுரையீரலில் தங்கிய காற்றை அந்த அளவு தப்பாகக் கணித்தாலே நான்கு சதவீதத்துக்கு மேல் கொழுப்பு ஏறும் அல்லது இறங்கும். பல காலம் மற்ற எல்லா முறைகளுக்கும் உரைகல்லாக இருந்த முறையின் நிலை இது.

தண்ணீரைப் பற்றியும் இதே போல ஓர் அனுமானம் உண்டு. 1945-இல் நெல்லோ பேஸ், எடித் ராத்பன் என்ற இருவர் கினியாப் பன்றிகளை ஆராய்ந்தார்கள். எலி, முயல், நாய், குரங்கு என மற்ற விலங்குகளில் முன்பு கிடைத்த அளவுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். கொழுப்பை நீக்கிய உடம்பில் ஏறக்குறைய 73.2 சதவீதம் தண்ணீர் என்ற முடிவு வந்தது. உடம்பில் உள்ள தண்ணீரை அளந்துவிட்டால் கொழுப்பில்லாத எடையைக் கண்டுபிடித்துவிடலாம், மீதி கொழுப்பு. இந்த எண் மனிதர்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. நன்றாகச் சாப்பிட்டு ஒரே எடையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தவும் செய்தது.

எடை இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் நெருங்கிப் பார்த்தது மின்னசோட்டாப் பட்டினிச் சோதனை. போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் அதற்குத் தாங்களாக முன்வந்தார்கள். நடத்தியவர் ஆன்செல் கீஸ். 1945 பிப்ரவரி முதல் ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் சுமார் கால் பங்கு போயிற்று. ஆனால் கன்னம் ஒட்டி விலா எலும்பு தெரிந்த அதே ஆட்களின் கணுக்கால்கள் வீங்கின. கொழுப்பும் தசையும் கரைந்த அளவுக்குத் தண்ணீர் குறையவில்லை. உடல் எடையில் அதன் பங்கு ஏறியது. உள்ளே இழப்பு நடந்துகொண்டிருக்க, தேங்கிய நீர் தராசில் அதை மறைத்தது. உடம்பின் நீர் விகிதம் மாறாது என்ற அனுமானம், எடை குறைப்பில் இறங்கியவரிடம்தான் முதலில் உடைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இதே கீஸ்தான் 1972-இல், பெல்ஜியத்தின் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த எடை-உயர விகிதத்தைத் தூசி தட்டி எடுத்து, இன்று மருத்துவமனைக்கு மருத்துவமனை புழங்கும் ‘பி.எம்.ஐ.’ என்ற பெயரைச் சூட்டினார்.

தொட்டியும் தராசும் எல்லா ஊரிலும் இருக்காது. அதனால் தோல் மடிப்பைக் கவ்வி அளக்கும் கேலிப்பர் வந்தது. செக் நாட்டு மானிடவியலாளர் மதியெக்கா 1921-லேயே தோல் மடிப்பின் தடிமனிலிருந்து கொழுப்பைக் கணக்கிட்டிருந்தார். பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலையும் அதன் அடிக்கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்துத் தூக்கிப் பிடித்து, அதற்குச் சற்றுக் கீழே கேலிப்பரின் வாயைக் கடிக்கவிட்டு, ஓரிரு நொடி பொறுத்து அளவைப் படிக்க வேண்டும். பிரிட்டனில் பேர்பெற்ற ‘ஹார்ப்பெண்டன்’ கேலிப்பர், ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறாமலிருக்க ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 கிராம் என்று வகுத்துச் செய்யப்பட்டது. கருவி ஒழுங்கானதுதான். பிடிக்கிற விரல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் எண் மாறிவிடும்.

1974-இல் கிளாஸ்கோவின் டர்னினும் வோமர்ஸ்லியும் 16 முதல் 72 வயது வரையிலான 481 ஆண்களையும் பெண்களையும் அளந்து ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே என்று நான்கு மடிப்புகளைக் கூட்டி அட்டவணையில் பார்த்தால் கொழுப்புச் சதவீதம் கிடைக்கும். உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் கையில் அது புழங்கியது. ஆனால் அட்டவணை வந்த வழி எது? மடிப்பிலிருந்து அடர்த்தி, அடர்த்தியிலிருந்து சிரியின் சூத்திரம், சூத்திரத்திலிருந்து அந்தப் பழைய 1.1. கேலிப்பர் தோலுக்கு அடியில் உள்ளதை மட்டும்தான் பிடிக்கும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிய கொழுப்பு கரைந்தாலும் அதற்குத் தெரியாது. பேண்ட் தளர்ந்திருக்கும், கேலிப்பர் எண் நகர்ந்திருக்காது.

அடுத்து வந்தது மின்சாரம். தசையில் உப்பு கலந்த நீர் நிறைய. அது மின்சாரத்தை எளிதில் கடத்தும். கொழுப்பு கடத்தாது. 1960களில் பிரான்ஸின் தோமாசே ஊசி முனைகளைத் தோலில் செருகி மின்தடையை அளந்தார். 1969-இல் ஹாஃபரும் உடனிருந்தவர்களும், உயரத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் உடம்பின் மொத்த நீருடன் நன்றாக ஒத்துப்போகிறது என்று காட்டினார்கள். 1980களில் மருத்துவமனைக் கருவிகள் கடைக்கு வந்தன. 1990களில் ஜப்பானின் தானிதா நிறுவனம் எடை இயந்திரத்திலேயே உலோகத் தகடுகளைப் பதித்து, வெறுங்காலோடு ஏறி நின்றால் கொழுப்பைச் சொல்லும்படி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. இன்று ஜிம்மில் கைப்பிடியைப் பிடித்து நின்று அச்சுத்தாள் வாங்குகிறவரும் இந்த வம்சத்துக் கருவியில்தான் நிற்கிறார்.

இந்தக் கருவிகள் கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. தண்ணீரை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பில்லாத எடையை ஊகித்து, எஞ்சியதைக் கொழுப்பு என்கின்றன. எடை குறைப்பின் முதல் வாரம் ஏன் தலைசுற்ற வைக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஒருவர் 80 கிலோ. 20 கிலோ கொழுப்பு, 60 கிலோ மற்றவை. அந்த 60-இல் 73.2 சதவீதம், அதாவது 43.9 கிலோ தண்ணீர். அவர் சோற்றையும் சர்க்கரையையும் வெட்டுகிறார். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்த மாவுச்சத்து செலவாகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்; அதுவும் போகிறது. கணக்கு எளிதாக இருக்க, தண்ணீர் மட்டும் இரண்டு கிலோ குறைந்தது என்று கொள்வோம். தராசில் 78. கருவி 41.9 கிலோ தண்ணீரைக் கண்டு, கொழுப்பில்லாத எடை 57.3 கிலோ என்று முடிவு கட்டுகிறது. மீதி 20.7 கிலோ கொழுப்பு. இரண்டு கிலோ இளைத்தவருக்கு, கொழுப்பு 25-லிருந்து 26.6 சதவீதமாகக் கூடிவிட்டதாகவும் தசை கரைந்துவிட்டதாகவும் சீட்டு வருகிறது. மனம் நொந்து கல்யாண வீட்டில் இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு வந்து ஏறினால் கிளைக்கோஜனும் தண்ணீரும் திரும்பியிருக்கும். எடை கூடியிருக்கும், கொழுப்புச் சதவீதம் இறங்கியிருக்கும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1994 டிசம்பரில் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டின. படுத்திருக்கும் நிலை, குடித்த தண்ணீர், சாப்பாடு, அறையின் சூடு, தோலின் சூடு, சற்று முன் செய்த உடற்பயிற்சி எல்லாமே எண்ணை மாற்றும் என்று அங்கே பட்டியலிட்டார்கள்.

எலும்புத் தேய்மானத்துக்காக 1980களின் கடைசியில் வந்த டெக்ஸா ஸ்கேன் இந்தச் சங்கடங்களில் பலவற்றைக் கடந்தது. இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்கள் உடம்பில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை வைத்து எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு என்று அது பிரிக்கும். அதன் கணக்கிலும் கிளைக்கோஜனோடு போன தண்ணீர் தசைப் பக்கத்துப் பற்றில்தான் விழும். ஆனாலும் அது காட்டிய ஒரு படம் இந்திய மருத்துவர்களிடையே பிரபலம். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின் இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. டெக்ஸாவில் பார்த்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படங்களையே போட்டு, ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் இருக்கும் கொழுப்பைக் காட்டினார்கள்.

தண்ணீரை வற்றவைத்துத் தராசு எண்ணை இறக்கும் கணக்குக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களும் உண்டு. 1997-இன் கடைசி இரண்டு மாதங்களில் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள், குறைந்த எடைப் பிரிவுக்குள் நுழைவதற்காகத் தண்ணீரைத் துறந்து, வெப்பத்தில் வியர்த்து உடற்பயிற்சி செய்து இறந்தார்கள். கல்லூரி விளையாட்டு அமைப்பு விதிகளை மாற்றியது. சீசன் தொடங்கும்போதே ஒவ்வொரு வீரரின் கொழுப்பையும் அளந்து, ஐந்து சதவீதக் கொழுப்புக்குக் கீழே போகாதபடி அவருடைய குறைந்தபட்ச எடையை வகுக்க வேண்டும். ஆனால் தண்ணீர் வற்றிய உடம்பில் எடுக்கும் அளவை நம்ப முடியாதே? அதற்காக வீரர் முதலில் ஒரு குப்பியில் சிறுநீர் தர வேண்டும். அதன் ஒப்படர்த்தி 1.020-ஐத் தாண்டினால் அன்றைக்கு அவருக்கு அளவெடுப்பே கிடையாது. நீர் அருந்திவிட்டு வேறொரு நாள் வர வேண்டும். தேறினால் தராசு, அதன் பிறகே கொழுப்பளவு. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்பது அடுத்த விதி. அதனால் அளவு முடிந்ததும் வீரரின் கைக்குக் கொழுப்புச் சதவீதம் மட்டும் வருவதில்லை. எந்தத் தேதிக்கு எந்த எடை வரை போகலாம் என்ற அட்டவணையும் கூடவே வருகிறது.