எல்லிஸ் ஆர். டங்கன் - தமிழ் தெரியாத தமிழ்ப்பட இயக்குநர்

எம்.ஜி.ஆர். நடித்த முதல் படம் எது என்று கேட்டால் பலரும் 'சதிலீலாவதி' என்று உடனே சொல்லிவிடுவார்கள். கருணாநிதியின் வசனத்துக்காகப் பேசப்படும் 'மந்திரி குமாரி'யும் தெரிந்த படம்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சரி, இந்த மூன்று படங்களின் இயக்குநர் யார்?

இங்கேதான் பலரும் யோசிக்க ஆரம்பிப்பார்கள். மூன்றிலும் இயக்குநராக இருந்தவர் ஒரே ஆள். பெயர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காக்காரர். இந்தியாவில் பதினைந்து ஆண்டுகள் இருந்து பத்துக்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர். ஆனால் கடைசிவரை தமிழ் கற்றுக்கொள்ளாதவர்!

ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? மொழி தெரியாமல் ஒருவர் எப்படிப் படம் எடுத்தார்? அப்படி எடுத்ததைத் தமிழ்ப்படம் என்று சொல்ல முடியுமா? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இரண்டுக்குமே பதில் கிடைக்கிறது.

ஆறு மாதப் பயணம்

டங்கன் பிறந்தது 1909 மே 11-ஆம் தேதி, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சிறிய ஊரில். சினிமா ஆசையால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போய், தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை படித்தார். பக்கத்திலேயே ஹாலிவுட். ஆனால் அந்த ஹாலிவுட்டில் அவர் இயக்குநராகவில்லை. அதற்குக் காரணம் கூடப் படித்த மாணிக்லால் டாண்டன் என்ற இந்தியர்.

இந்தியாவுக்கு வந்தால் குடும்பப் பணத்தில் ஸ்டூடியோ கட்டிப் படம் எடுக்கலாம் என்று டாண்டன் அழைத்தார். டங்கனும் மைக்கேல் ஒமலெவ் என்ற இன்னொரு நண்பரும் 1935-ல் பம்பாய் வந்து இறங்கினார்கள். ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். ஸ்டூடியோ கனவு பலிக்கவில்லை. டாண்டன் அப்போது கல்கத்தாவில் கே.பி. சுந்தராம்பாளை வைத்து 'நந்தனார்' எடுத்துக்கொண்டிருந்தார். டங்கன் அதில் உதவி செய்தார். தமிழ் சினிமாவோடு அவருக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் அதுதான்.

அந்த நேரத்தில் கோயம்புத்தூர் மருதாசலம் செட்டியார் ஒரு படம் எடுக்க டாண்டனை அணுகினார். டாண்டனுக்கு நேரமில்லை. "என் நண்பர் இருக்கிறார்" என்று டங்கனைக் கைகாட்டினார். அப்படி வந்ததுதான் 'சதிலீலாவதி' (1936).

முதல் படமே திருப்புமுனை

'காளிதாஸ்' என்ற முதல் பேசும்படம் வந்து அப்போது ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெரும்பாலான படங்கள் புராணக் கதைகள். நாடக மேடையில் நடந்ததை அப்படியே காமிரா முன்னால் நடத்துவார்கள். காமிரா ஓரிடத்தில் நிற்கும், நடிகர்கள் வரிசையாக நின்று பாடுவார்கள். ஒரே படத்தில் நாற்பது ஐம்பது பாட்டுகள்கூட இருக்கும். சொல்லப்போனால் அன்றைய படங்கள் பார்ப்பதற்கு என்பதைவிடக் கேட்பதற்கு என்றே எடுக்கப்பட்டன.

'சதிலீலாவதி' எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. குடியால் ஒரு குடும்பம் சீரழிவதையும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வாழ்க்கையையும் சொன்ன சமூகக் கதை. எம்.கே. ராதா கதாநாயகன், டி.எஸ். பாலையா வில்லன். என்.எஸ். கிருஷ்ணனும் நடித்தார். போலீஸ் இன்ஸ்பெக்டராக ஒரு சிறிய வேடத்தில் வந்த இளைஞர்தான் எம்.ஜி.ராமச்சந்திரன். அதே ஆண்டில் வந்த 'இரு சகோதரர்கள்' படத்திலும் டங்கன் அவருக்கு வேடம் கொடுத்தார்.

எப்படி இயக்கினார்?

ஒரு பக்கம் தமிழ் வசனம், இன்னொரு பக்கம் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, இதுதான் டங்கனின் ஸ்கிரிப்ட். உச்சரிப்பு சரியா என்று பார்ப்பது உதவி இயக்குநர்களின் வேலை. முகபாவம், உடல் அசைவு, குரலின் ஏற்ற இறக்கம், ஒளி, காமிராக் கோணம் எல்லாம் டங்கனின் பொறுப்பு. நடிகர்கள் மேடையில் கத்துவதுபோலப் பேசுவதைக் குறைக்கச் சொன்னார். காமிராவை நகர வைத்தார். எந்தக் காட்சியை எந்தக் கோணத்தில் எடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்தார்.

இது டங்கனுக்கு மட்டும் நடந்த அதிசயம் அல்ல. அதே காலத்தில் பம்பாய் டாக்கீஸில் 'அச்சூத் கன்யா' (1936) எடுத்த ஃபிரான்ஸ் ஆஸ்டன் ஒரு ஜெர்மானியர். ஹாலிவுட்டின் புகழ்பெற்ற 'காஸபிளாங்கா' (1942) படத்தை இயக்கிய மைக்கேல் கர்ட்டிஸ் ஹங்கேரியில் பிறந்தவர். அவருடைய தப்பும் தவறுமான ஆங்கிலம் ஹாலிவுட்டில் பிரசித்தம்! ஐரோப்பியர்கள் ஹாலிவுட் போய்ப் படம் எடுத்த காலத்தில், ஹாலிவுட் பக்கத்தில் படித்த ஒருவர் எதிர்த்திசையில் கோடம்பாக்கமும் சேலமும் வந்தார், அவ்வளவுதான்.

அம்பிகாபதியும் வசனமும்

டங்கனுக்குப் பெரிய வெற்றி 1937-ல் வந்த 'அம்பிகாபதி'. கம்பரின் மகனுக்கும் சோழ இளவரசிக்கும் இடையிலான காதல் கதை. எம்.கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகன். இந்தக் கதைக்கு ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டைத்தான் டங்கன் மனதில் வைத்திருந்தார். வசனம் எழுதிய இளங்கோவனிடம் அந்தக் காதல் காட்சிகளைக் காட்டி, இதே உணர்வு தமிழில் வரவேண்டும் என்று கேட்டார். இளங்கோவன் மொழிபெயர்க்கவில்லை. தமிழ் இலக்கிய நடையில் தானே எழுதினார். அழகான தமிழ் வசனத்துக்கு ரசிகர்கள் மயங்க ஆரம்பித்தது அங்கேதான். 1942-ல் 'கண்ணகி'யில் இளங்கோவன் அந்தப் பாதையில் இன்னும் மேலே போனார்.

இதில் ஒரு முரணைக் கவனியுங்கள். தமிழ் சினிமாவை வசனத்தின் பக்கம் திருப்பிய படத்தின் இயக்குநருக்கு அந்த வசனம் புரியாது! ஒருவேளை அதுவே நன்மையாகவும் இருந்திருக்கலாம். மொழி தெரிந்த இயக்குநர் எழுத்தாளரின் வேலையில் கை வைப்பார். டங்கனால் அது முடியாது. எழுத்தாளரை நம்பித்தான் ஆகவேண்டும். அதனால் எழுத்தாளருக்கு அங்கே தனி இடம் கிடைத்தது.

எம்.எஸ்.ஸின் முகம்

1940-ல் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையை நடிக்கவைத்து 'காளமேகம்' எடுத்தார். அதே ஆண்டில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடித்த 'சகுந்தலை'. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1945 தீபாவளிக்கு வெளியான 'மீரா'. தயாரிப்பாளர் எம்.எஸ்.ஸின் கணவர் சதாசிவம்.

எம்.எஸ்.ஸின் குரலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. முகத்தை எப்படிக் காட்டுவது? டங்கன் அவருடைய முகத்தைப் பிளாஸ்டர் சிலையாகச் செய்யச் சொன்னார். பிறகு அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியும் அந்தச் சிலை மீது பல திசைகளிலிருந்து விளக்கை அடித்து, எந்தக் கோணத்தில் எந்த ஒளி பொருந்துகிறது என்று ஆராய்ந்தார்கள். அதன் பிறகுதான் எம்.எஸ். காமிரா முன்னால் வந்தார். உதய்பூர், சித்தூர் என்று ராஜஸ்தானுக்கே போய்ப் படம் பிடித்தார்கள். குழந்தை மீரா பாடிக்கொண்டிருக்கும்போதே பெரிய மீராவாக மாறும் காட்சியை ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள்.

1947-ல் வந்த இந்திப் பதிப்பில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை அறிமுகப்படுத்தினார். டெல்லியில் நேருவும் மவுண்ட்பேட்டன் தம்பதியரும் படத்தைப் பார்த்தார்கள். எம்.எஸ். அதன் பிறகு சினிமாவில் நடிக்கவே இல்லை.

சேலத்தில் முடிந்த கதை

கடைசிக் கட்டம் டி.ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தை வைத்து 'பொன்முடி' (1950) எடுத்தார். காதல் காட்சிகள் எல்லை மீறுவதாக அன்று கண்டனம் எழுந்தது. வெள்ளைக்காரர் நம் பண்பாட்டைக் கெடுக்கிறார் என்ற பேச்சு அவருக்குப் புதிதல்ல.

அதே ஆண்டில் 'மந்திரி குமாரி'. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையைக் கருணாநிதி அரசியல் நெடி கலந்து எழுதினார். மலை உச்சியிலிருந்து தன்னைத் தள்ள நினைத்த கணவனை, கடைசியாக வலம் வருவதாகச் சொல்லி மனைவியே தள்ளிவிடும் காட்சி மறக்க முடியாதது. 1936-ல் சிறிய வேடம், 'மீரா'விலும் சிறிய வேடம் என்றிருந்த எம்.ஜி.ஆர். இதில் கதாநாயகன். பிற்காலத்தில் தமிழ்நாட்டை ஆண்ட இரண்டு முதல்வர்கள் ஒரே படத்தில்! ஆனால் படம் முடியும் முன்பே டங்கன் அமெரிக்கா புறப்பட்டுவிட்டார். மீதியை டி.ஆர். சுந்தரம் எடுத்து முடித்தார்.

ஊர் திரும்பிய டங்கன் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் குடியேறி விளம்பரப்படங்களும் ஆவணப்படங்களும் எடுத்தார். அங்கே அவர் நட்சத்திரங்களை இயக்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1994-ல் சென்னை வந்தபோது தமிழ்த் திரையுலகம் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. 2001 டிசம்பர் 1-ஆம் தேதி காலமானார். 2013-ல் கரண் பாலி அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

வரவும் செலவும்

கணக்குப் பார்த்தால், டங்கன் கொண்டுவந்தது காமிராவின் கண். நாம் கொடுத்தது கதை, பாட்டு, வசனம், நடிகர்கள். வாசன், இளங்கோவன், பாபநாசம் சிவன், கருணாநிதி இல்லாமல் டங்கனின் படங்கள் இல்லை. அவர் இல்லாமல் அவர்களுடைய எழுத்து திரையில் அந்த வடிவத்தில் வந்திருக்காது. எனவே அவை தமிழ்ப்படங்கள்தான், சந்தேகமே வேண்டாம்.

ஆனால் வரவை எழுதிவிட்டு, தந்தவர் பெயரை எழுதாமல் விடுவது நல்ல கணக்கல்ல. எம்.ஜி.ஆர். பெயரிலும் எம்.எஸ். பெயரிலும் நினைவிடங்களும் விருதுகளும் இருக்கின்றன. டங்கன் பெயர் பழைய படங்களின் டைட்டிலில் சில விநாடிகள் வந்து போகிறது. அடுத்த முறை 'மீரா'வோ 'மந்திரி குமாரி'யோ பார்க்கும்போது, டைட்டிலை ஓட்டிவிடாமல் அந்தப் பெயர் வரும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.