செத்தும் பதில் போட்ட மிஸஸ் பிங்கம்

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸில் லின் என்ற ஊர். அங்கே லிடியா பிங்கம் என்ற அம்மாள், வீட்டு அடுப்பில் வேர், மூலிகை காய்ச்சிய கஷாயத்தை 1875ல் விற்க ஆரம்பித்தார். மாதவிடாய்க் கோளாறு, கர்ப்பப்பை வலி எல்லாத்துக்கும் இதுதான் மருந்துன்னு பத்திரிகைகளில் விளம்பரம். அந்தக் காலத்தில் டாக்டர் என்றால் பெரும்பாலும் ஆண்தான். அவர்கிட்ட போய் இதையெல்லாம் எப்படிச் சொல்றது? விளம்பரமோ, மிஸஸ் பிங்கமுக்கு எழுதுங்கள், கடிதத்தை ஆண்கள் பார்க்க மாட்டார்கள் என்றது. பெண்கள் எழுதிக் குவித்தார்கள். குணமாயிடுச்சுன்னு வந்த கடிதங்களே அடுத்த விளம்பரம் ஆயின.

சிக்கல் என்னன்னா, லிடியா 1883லேயே இறந்துட்டார். செத்தும் கொடுத்தார் சீதக்காதி. இந்த அம்மா செத்தும் பதில் போட்டார்! எழுதியது கம்பெனி குமாஸ்தாக்கள். 1905ல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' ஆசிரியர் எட்வர்ட் போக், அந்த விளம்பரத்தோடு லிடியாவின் கல்லறைப் படத்தையும் அச்சிட்டார். நாங்க சொன்னது மருமகள் மிஸஸ் பிங்கமைத்தான் என்று சமாளித்தது கம்பெனி.

கடிதம் எழுதிய பெண்கள் எல்லாரும் பொய் சொன்னாங்கன்னு நான் நினைக்கலை. கஷாயத்தில் சுமார் 18 சதவீதம் ஆல்கஹால்; குடிச்சா வலி கொஞ்சம் மறக்கத்தானே செய்யும்? தானா சரியாகிற உபாதைகளும் உண்டு. குணமாகாதவங்க கடிதத்தைக் கம்பெனி ஏன் அச்சடிக்கப் போகுது?

1906 சட்டத்துக்கு அப்புறம் ஆல்கஹால் அளவை லேபிளில் போட வேண்டியதாச்சு. விற்பனை உச்சத்தைத் தொட்டது அதுக்கும் பிறகு, 1920களில்.