எந்த கோச்சிங்கில் சேர்ப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். "அப்பா, பாப்பா பத்தாவது முடிக்கப் போறா. நீட் கோச்சிங் எங்க சேர்க்கிறதுன்னே புரியல. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இதே கேள்விக்கு 1995ல் நான் ஒரு முடிவு எடுத்தேன். அதன் பலனை அனுபவித்தவளே இப்போது என்னிடம் கேட்கிறாள். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

நாங்கள் படித்த காலத்தில் பி.யு.சி. மார்க்கோடு நேர்முகத் தேர்வும் வைத்துத்தான் மருத்துவக் கல்லூரிக்கு ஆள் எடுத்தார்கள். கோச்சிங் என்ற சொல்லையே கேட்டதில்லை. டியூஷன் உண்டு, ஆனால் அது படிப்பு ஏறாத பையன்களுக்கு. போகிறவன் வெளியே சொல்லக் கூச்சப்படுவான். டாக்டராக வேண்டும் என்றால் நல்ல மார்க் வேண்டும், கூடவே ஒரு பெரிய மனிதரின் சிபாரிசும் இருந்தால் நல்லது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சிபாரிசுக்கு வழியில்லாத என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அதில் சந்தோஷம்தான். பிளஸ் டூ மார்க் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு, மொத்தம் 300. அரை மார்க்கில் சீட் கை நழுவும். அந்த 100க்காகத்தான் 'கிராஷ் கோர்ஸ்' முளைத்தது. மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகள் ஏப்ரல், மே வெயிலில் மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள்.

1995ல் என் மகள் பிளஸ் டூ. தமிழ் வழிப் படிப்பு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, அரசுப் பள்ளி விலங்கியல் வாத்தியார் ஒருவர் திண்ணையில் எட்டுப் பத்துப் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பார். ஞாயிறுதோறும் டெஸ்ட். தப்பாக எழுதிய விடை ஏன் தப்பு என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசுவார். மகள் அவரிடமே படிக்கிறேன் என்றாள். எனக்குத் திருப்தியில்லை. மெட்ராஸில் ஒரு கோச்சிங் சென்டர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தது. ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் வரிசை வரிசையாக இருந்தன. பி.எஃப்.பில் லோன் போட்டு ஃபீஸ் கட்டி, ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்தேன்.

பத்தாம் நாள் அவளிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. வகுப்பில் இருநூறு பேர், மைக் வைத்து ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள், பின்னால் உட்கார்ந்தால் போர்டு தெரியவில்லை, சந்தேகம் கேட்க ஆள் இல்லை, ஊருக்கு வந்துவிடட்டுமா என்று எழுதியிருந்தாள். "போகப் போகப் பழகிவிடும், பணம் கட்டியாகிவிட்டது" என்று பதில் எழுதினேன். ஒன்றரை மார்க்கில் சீட் போயிற்று. அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. விலங்கியல் படித்து ஆசிரியை ஆனாள். வாத்தியாரிடம் படித்திருந்தால் கிடைத்திருக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் படங்களைப் பார்த்தேனே தவிர, பிள்ளையைப் பார்க்கவில்லை.

பிறகு விதிகள் மாறின. நுழைவுத் தேர்வை ரத்து செய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்து, 2007 முதல் பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றானது. கோச்சிங் ஒழிந்தது என்று நினைத்தோம். கூட்டம் நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளுக்குத் திரும்பியது. 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்கள் பெயரே வைத்தார்கள். பல இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். இதைத் தடுக்கத்தான் 2018ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள்.

அதற்குள் நீட் வந்துவிட்டது. 2013ல் ஒருமுறை நடந்து, உச்ச நீதிமன்றத்தில் ரத்தாகி, 2016ல் திரும்ப வந்தது. தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு அந்த ஒரு வருஷம் விலக்கு கிடைத்தது. 2017 முதல் நமக்கும் கட்டாயம். வடக்கிலிருந்து பெரிய கோச்சிங் நிறுவனங்கள் இங்கே கிளை விரித்தன. அந்தத் தொழிலுக்குப் பேர் போன ராஜஸ்தானின் கோட்டா நகரத்தில் இதற்கு விதை போட்டவர் யார் தெரியுமா? ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் பொறியாளராக இருந்த வி.கே. பன்சால். தசை நலிவு நோய் வந்தபின், 1980களில் வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதுவும் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம்தான்!

இன்றைய நிலைமைக்கு ஒரு கணக்கு போதும். 2019ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் கொடுத்த விவரப்படி, தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் கோச்சிங் போகாதவர்கள் 48 பேர். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கையின்படி, இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதிச் சேர்ந்தவர்கள் 2016-17ல் சுமார் 12 சதவீதம், 2020-21ல் 71 சதவீதம். 2020ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்திராவிட்டால் அவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்தான்.

நேர்முகத் தேர்வு, நுழைவுத் தேர்வு, பிளஸ் டூ மார்க், நீட் என்று வாசல் மூன்று முறை மாறிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் கடை போட ஆள் வந்தார்கள், நாமும் வரிசையில் நின்றோம். கோச்சிங்கே வேண்டாம் என்று இந்தக் கணக்கைப் பார்த்தபின் நான் சொல்ல மாட்டேன்.

மகளிடம் இதைத்தான் சொன்னேன். "ஜெயிச்சவங்க படத்தைப் பார்க்காதம்மா. அந்த வருஷம் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு கேளு. ஒரு வகுப்பில எத்தனை பேர், சந்தேகம் கேட்டா யார் பதில் சொல்வாங்க, பாதியில நின்னா ஃபீஸ் திரும்பத் தருவாங்களான்னு கேளு. பாப்பாவை ஒரு வாரம் உட்காரச் சொல்லு. அவ வேண்டாம்னு சொன்னா, பணம் போனாலும் பரவாயில்ல, கூட்டிட்டு வந்துடு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரிப்பா" என்றாள்.