வேலை முடிந்த பிறகு இங்கிலீஷ்

"ஸ்பீடு எவ்வளவு?" பம்பாய் ஆபீஸ்களில் வேலை தேடிப் போன தமிழ் இளைஞரிடம் ஊர், பேருக்கு அடுத்து வந்த கேள்வி இதுதான். தமிழக அரசுத் தேர்வில் இங்கிலீஷ் டைப்பிங் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45. ஷார்ட்ஹேண்ட் ஹையருக்கு 120. இந்த எண்களை நம்பித்தான் பலர் ரயிலேறினார்கள்.

பம்பாயையும் சென்னையையும் இணைக்கும் அந்த ரயில் பாதை 1871இல் ராய்ச்சூரில் இணைந்தது. 1896இல் பிளேக் பம்பாயைச் சூறையாடியது. அதன் விளைவாக இரண்டு ஆண்டுகளில் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் உருவாகி, வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளைத் திட்டமிட்டது. அப்படி எழுந்த மாட்டுங்காவில் தஞ்சாவூர், பாலக்காடு பக்கத்துக் குடும்பங்கள், பெரும்பாலும் பிராமணர்கள், குடியேறின. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது.

வயது வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. ஓர் அறையில் நாலைந்து பேர் தங்கினார்கள். ஆபீஸ் விட்டு வந்த சீனியர் பேப்பர் தலையங்கத்தை உரக்க வாசிப்பார், ஊரிலிருந்து புதிதாக வந்தவர் பென்சிலைச் சீவிக்கொண்டு ஷார்ட்ஹேண்டில் எடுப்பார். தப்பான இடத்தில் கோடு தடித்துவிட்டால் வேறு சொல்லாகிவிடும்; சீனியர் அதே பத்தியை மறுபடி வாசிப்பார். கட்டணம் கிடையாது. இப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு டிராம்பேயில் அணுசக்தி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வந்தபோது, அடுத்த தலைமுறை செம்பூருக்கு நகர்ந்தது.

அதே ரயிலில் திருநெல்வேலிக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் இறங்கிப் போனது தாராவிக்கு, தோல் பதனிடும் தொட்டிகளுக்கு. ஆதிதிராவிடர்கள், தமிழ் முஸ்லிம்கள். அவர்கள் அறைகளில் தலையங்கம் வாசிக்க ஆள் இல்லை. மாட்டுங்காவும் தாராவியும் நடந்தே போகும் தூரம்தான். ஆனால் ஓர் இடத்தில் இங்கிலீஷ் பெட்டியோடு வந்து இறங்கியது, இன்னோர் இடத்தில் அதைக் கூலி வேலைக்கு நடுவே தேட வேண்டியிருந்தது. இந்த வித்தியாசத்துக்குச் சாதி ஒரு பெரும் காரணம். அதைச் சொல்லாமல் மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதுவது அரைகுறை வேலை.

1966இல் சிவசேனா பிறந்தது. அதற்கு முன்பே அதன் நிறுவனர் நடத்திய 'மார்மிக்' இதழ், நிறுவனங்களில் பதவி வகித்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு வந்தது. கோபம் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தவர் மேல். ஆனால் லுங்கியைக் கேலி செய்த கோஷம் ஆபீஸ் நாற்காலியையே பார்க்காத தோல் தொழிலாளியையும் சேர்த்தே தாக்கியது. இங்கிலீஷால் வந்த பலனில் அவருக்குப் பங்கில்லை. பழியில் மட்டும் பங்கு கிடைத்தது.

அவருக்குத் திறந்திருந்த கதவு நைட் ஸ்கூல். 1855இல் புனேயில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் உழைப்பாளர்களுக்கு இரவுப் பள்ளி நடத்தினார்கள். பம்பாயில் என்.எம். ஜோஷி 1911இல் தொடங்கிய சோஷியல் சர்வீஸ் லீக் ஆலைத் தொழிலாளர்களுக்கு இரவு வகுப்புகள் ஏற்படுத்தியது. அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் 1946இல் திறந்த சித்தார்த்தா கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதாகக் காலை வகுப்புகள் நடந்தன. வயிற்றுப்பாட்டை விடாமல் படிக்க வழி செய்ததே இவர்கள் செய்த பெரிய காரியம்.

மும்பை நைட் ஸ்கூல் இன்றும் பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தில், மாலை ஆறரைக்குத் தொடங்குகிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருப்பவர் கூரியர் பையனாக இருக்கலாம், வீட்டு வேலை செய்யும் பெண்ணாக இருக்கலாம். பகல் பள்ளியின் நூலகமும் ஆய்வகமும் அந்நேரம் பூட்டிக் கிடக்கும். 2008 முதல் 'மாசூம்' என்ற தொண்டு நிறுவனம் இப்பள்ளிகளுக்குப் புத்தகமும் மாலைச் சிற்றுண்டியும் கொடுத்து வருகிறது. பசியோடு வருபவருக்கு இலக்கணத்துக்கு முன்னால் அதுதான் வேண்டும்.

தாராவிக்குள்ளேயே 2009இல் 'ரியாலிட்டி கிவ்ஸ்' தொடங்கப்பட்டது. தாராவியைச் சுற்றிக் காட்டும் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் லாபத்தில் நடக்கும் அமைப்பு இது. இளைஞர்களுக்கு இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் கற்றுத்தருகிறது. அங்கே ஷார்ட்ஹேண்ட் இல்லை. இன்டர்வியூவில் தயங்காமல் பேசப் பழக்குகிறார்கள்.