‘ஆலோசனை’ என்னும் சொல்: மலேசிய முடியாட்சியின் வளர்ச்சி பற்றிய ஓர் ஆய்வு

திண்டுக்கல் சமவெளியில், வானம் பார்த்த பூமியாகிய குஜிலியம்பாறையில் அமர்ந்துகொண்டு மலேசிய நாட்டின் அரசியலமைப்பை ஆராயப் புகுவது அந்நிய விஷயத்தில் தலையிடுவதாகாது. பழைய மதுரை, திருச்சி ஜில்லாக்களின் மானாவாரிக் கிராமங்களை விட்டு, கங்காணிகளின் பின்னே நாகப்பட்டினம் சென்று கப்பலேறி, ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய ஏழைக் குடியானவர்களின் சந்ததியார் இன்று அந்த முடியாட்சியின் பிரஜைகளாக வாழ்கின்றனர். அவர்களை ஆளும் முறை இன்னதென அறிந்துகொள்வது நமக்குக் கடமையேயாகும். அம்முறையின் வரலாறு, ‘ஆலோசனை’ என்னும் ஒரு சொல் கைமாறி வந்த வரலாறே என்பதும், அதைச் சொல்பவர் யார், கேட்டு நடக்கக் கடமைப்பட்டவர் யார் என்பதைக் கொண்டே ஒவ்வொரு காலத்திலும் அதிகாரத்தின் இருப்பிடத்தை நிர்ணயிக்கலாம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அரசரருகே வந்த அதிகாரி

1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமையைப் பெற்ற கும்பினியார், அதைக் கலெக்டரைக் கொண்டு நேரே ஆண்டனர்; எதிர்த்து நின்ற விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரை 1801-இல் தூக்கிலிட்டனர். மலாய் நாட்டிலோ ஆங்கிலேயர் கைக்கொண்ட உபாயம் வேறு. 1874 ஜனவரி 20-இல் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை, பேராக் சுல்தானைச் சிங்காதனத்திலேயே இருக்கவிட்டு, மலாய்ச் சமயமும் வழக்கமும் நீங்கலாக ஏனைய சகல விஷயங்களிலும் பிரிட்டிஷ் ரெசிடென்டின் ஆலோசனையைக் கேட்டு அதன்படியே அவர் நடத்தல் வேண்டும் என விதித்தது. பெயரில் ஆலோசனை, பொருளில் ஆணை. முதல் ரெசிடென்டான பர்ச் 1875 நவம்பரில் கொல்லப்பட்டதும், சுல்தான் அப்துல்லா பின்னர் செஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டதும் இம்முறையை மாற்றவில்லை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896-இல் ஒரே ஆட்சியமைப்பின் கீழ்க் கூட்டுநாடுகளாயின.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1946 ஏப்ரல் 1-இல் ஆங்கிலேயர் நிறுவிய மலாயன் யூனியன் சுல்தான்களின் இறைமையையே பறிக்க முற்பட்டபோது, மலாய் மக்கள் திரண்டெழுந்தனர். அக்கிளர்ச்சியிலேயே அம்னோ கட்சி பிறந்தது. யூனியன் கலைக்கப்பட்டு, 1948 பிப்ரவரி 1-இல் சுல்தான்களின் ஸ்தானத்தை மீட்டளித்த மலாயாக் கூட்டரசு உதயமாயிற்று. அதற்கடுத்த மார்ச் மாதத்தில் நம் அண்டையிலிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து மறைந்தது என்பதை நோக்குங்கால், இங்கே பழைய ஆட்சியின் எச்சமாகக் கருதப்பட்ட அரியணையை, அங்கே மக்கள் தம் இனத்தின் அடையாளமாகப் போற்றினர் என்னும் வேறுபாடு தெளிவாகும்.

முறைவைத்து வரும் முடி

சுதந்திரத்திற்கு அரசியல் சட்டம் வகுக்க 1956-இல் அமைந்த ரீட் குழுவில், அலகாபாத் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதியாயிருந்த பி. மாலிக் உள்ளிட்ட ஐவர் அங்கம் வகித்தனர். ஒன்பது மாநில ஆட்சியாளர்களுள் எவரை நாட்டின் தலைவராக்குவது என்னும் சிக்கலுக்கு, நான்கு உண்டாங்குகள் என்னும் குலத்தலைவர்கள் கூடி அரசரைத் தேர்ந்தெடுக்கும் நெகிரி செம்பிலானின் பழைய சம்பிரதாயம் முன்மாதிரியாயிருந்தது. ஆட்சியாளர் மன்றம் ரகசிய வாக்கெடுப்பால் ஐந்தாண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. அவரையே மலேசியத் தமிழர் மாமன்னர் என்பர். 1957 ஆகஸ்ட் 31-இல் நாடு சுதந்திரமடைந்தபோது முதல் மாமன்னரானவரும் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரகுமானே. கெடாவின் அப்துல் ஹலீம், 1970-இலும் 2011-இலும் இருமுறை அப்பதவியேற்றார்.

அரசியல் சட்டத்தின் 40-ஆம் விதி, மாமன்னர் மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடக்கவேண்டும் என்கிறது. ரெசிடென்டின் வாயிலிருந்த அதே சொல், இவ்விதியால், மக்களவையின் நம்பிக்கையைப் பெற்ற மந்திரிகளின் வாய்க்கு மாறிற்று. 1994-ஆம் ஆண்டின் திருத்தம், ஆலோசனையை ஏற்றே நடக்கவேண்டும் என மேலும் வற்புறுத்தியதோடு, மசோதாவுக்கு முப்பது நாளில் சம்மதம் கிட்டாவிடினும் அது சட்டமாகும் எனவும் வகுத்தது. ஆயினும் பிரதமரை நியமிப்பதிலும், மக்களவையைக் கலைக்க மறுப்பதிலும் மாமன்னரின் சொந்த மதி நிலைத்திருக்கிறது. 2022 நவம்பர் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது, அப்போதைய மாமன்னர் சுல்தான் அப்துல்லா கட்சிகளின் ஆதரவை விசாரித்தறிந்து அன்வார் இப்ராகிமைப் பிரதமராக நியமித்தது அதனால்தான்.

நம்மவரின் பங்கு

சுங்கை சிப்புட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீ. தி. சம்பந்தன் தலைமையில், மலேசிய இந்தியர் காங்கிரஸ் சுதந்திரத்திற்கான கூட்டணியில் அங்கம் வகித்தது. சுதந்திரத்திற்குப் பின் கூட்டரசில் பிறந்தோர்க்குப் பிறப்பாலேயே பிரஜாவுரிமை கிட்டிற்று. 1962-இல் அது சுருக்கப்பட்டது. சுதந்திரத்திற்கு முன் பிறந்து, உரிய காலத்தில் விண்ணப்பிக்காத தோட்டத் தொழிலாளர் பலர், பிரஜைகளுக்குரிய நீல அடையாளக் கார்டு இன்றி, பிரஜையல்லாதோர்க்குரிய சிவப்புக் கார்டோடே காலங்கழிக்க நேர்ந்தது.

153-ஆம் விதி, மலாய்க்காரரின் விசேஷ ஸ்தானத்தையும் பிற சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கும் பொறுப்பை மாமன்னரிடமே ஒப்படைக்கிறது. அப்பொறுப்பையும் அவர் ஆலோசனைப்படியே நிறைவேற்றுகிறார் எனின், தமிழரின் நலன் அரண்மனையின் கருணையில் அன்று, ஆலோசனை கூறும் சபையைத் தேர்ந்தெடுக்கும் வாக்குச்சீட்டிலேயே தங்கியிருக்கிறது. மானாவாரி நிலத்திலிருந்து வெறுங்கையோடு சென்றவனின் பேரனுக்கு அந்த நீலக் கார்டு, மன்னர் கேட்டு நடக்கவேண்டிய சொல்லில் அவனுக்குள்ள பங்கின் பத்திரமாகும்; அது இல்லாதவன் தான் பிறந்த மண்ணிலேயே இன்னும் கப்பலைவிட்டு இறங்காதவனாவான்.