இறக்கைக்கு என்ன துணி எடுப்பது?

2021 ஏப்ரல் 19. செவ்வாய் கிரகத்தில் ஒரு குட்டி ஹெலிகாப்டர் எழும்பியது. பெயர் இன்ஜெனுயிட்டி. எடை இரண்டு கிலோ கூட இல்லை. மூன்று மீட்டர் உயரம் போய், 39 விநாடி பறந்து, பத்திரமாக இறங்கிவிட்டது. வேற்றுக் கிரகத்தில் மனிதன் அனுப்பிய விமானம் ஒன்று தன் சொந்த விசையில், கட்டுப்பாட்டோடு பறந்தது அதுதான் முதல் தடவை.

அதன் சோலார் தகட்டுக்கு அடியில், தபால்தலை அளவில் ஒரு பழைய துணித்துண்டை டேப் போட்டுக் கட்டியிருந்தார்கள். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் இறக்கையிலிருந்து எடுத்த துணி! (நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் 1969-ல் இதே விமானத்துத் துணியைக் கொஞ்சம் நிலவுக்கு எடுத்துப் போனார்.)

சரி, அது என்ன துணி? பட்டா, விசேஷமாக நெய்ததா? அதெல்லாம் ஒன்றுமில்லை. 'பிரைட் ஆஃப் தி வெஸ்ட்' என்று அந்தக் காலத்து அமெரிக்கக் கடைகளில் கிடைத்த சாதாரண மஸ்லின். பெண்கள் உள்ளாடை தைக்கிற வெளுக்காத பருத்தித் துணி. டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவரும் அதை வாங்கி, தாங்களே வெட்டி, தாங்களே தைத்தார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். நம்ம டெய்லர்கள் ஜாக்கெட்டுக்கு 'கிராஸ் கட்' போடுவார்கள் இல்லையா, அதேபோல நூல் 45 டிகிரி கோணத்தில் ஓடும்படி துணியை வெட்டினார்கள். அப்படி வெட்டினால் துணியே குறுக்குக் கம்பி மாதிரி சட்டத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தனியாக மரம் சேர்க்க வேண்டாம், எடை மிச்சம்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1900-ல், கிட்டி ஹாக் கடற்கரைக்கு முதல் கிளைடரோடு போனபோது இன்னொரு கூத்து. இறக்கைக்கு 18 அடி நீளத்தில் மரம் தேவை. வழியில் கிடைத்ததோ 16 அடிதான். தைத்து எடுத்துப்போன துணி பெரிதாகிவிட்டது. தங்கியிருந்த டேட் வீட்டம்மாவின் தையல் மெஷினை இரவல் வாங்கி, வில்பர் ரைட் உட்கார்ந்து துணியைப் பிடித்துத் தைத்தார். சோதனை முடிந்ததும் கிளைடரை மணலிலேயே போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். திருமதி டேட் விடுவாரா? நல்ல சாட்டின் துணியாயிற்றே! உரித்து எடுத்துத் தன் இரண்டு மகள்களுக்கும் கவுன் தைத்துப் போட்டார்.

மஸ்லினில் ஒரு கோளாறு. காற்று உள்ளே கசியும். ஈரம் பட்டால் தொளதொளத்துவிடும். துணி தொளதொளத்தால் இறக்கையின் வளைவு மாறும், வளைவு மாறினால் தூக்குகிற சக்தி குறையும். அதனால் துணி மேல் எதையாவது பூசி அதை முரசுத்தோல் போல விறைப்பாக்க வேண்டும். ஆளாளுக்கு ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்து, கடைசியில் ஒரு திரவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெயர் 'டோப்'. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்து, கரைப்பானில் கரைத்த குழம்பு. காயக் காயத் துணியைச் சுருக்கி இழுக்கும். தட்டினால் டம் டம் என்று சத்தம் வரும்.

பஞ்சு, நைட்ரிக் அமிலம் என்றதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி! தியேட்டர்களைக் கொளுத்திய அந்தக் காலத்து சினிமா ஃபிலிமும் இதே குடும்பம்தான். ஒரு தீப்பொறி போதும், இறக்கை முழுக்கப் பற்றிக்கொள்ளும். முதல் உலகப் போரில் துப்பாக்கி குண்டுகளுக்கு நடுவே இப்படிப்பட்ட விமானத்தில்தான் இருபது வயதுப் பையன்கள் உட்கார்ந்து போனார்கள். பாராசூட்டும் பெரும்பாலும் கிடையாது.

நெருப்புக்குப் பயந்து இன்னொரு டோப் கண்டுபிடித்தார்கள். நைட்ரேட்டுக்குப் பதிலாக அசிடேட். அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது. விமானிகளுக்கு நல்லதுதான். ஆனால், அதைக் கரைக்க டெட்ராகுளோரோஈத்தேன் என்ற திரவத்தைச் சேர்த்தார்கள். அதன் ஆவி காற்றைவிட கனம். அறையிலேயே தேங்கி நிற்கும். சுவாசித்தால் நேரே கல்லீரலைத் தாக்கும்.

டோப் அறையில் பிரஷ் பிடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். டோப் ஒழுங்காகக் காய வேண்டும் என்பதற்காக ஜன்னலைச் சாத்தி, அறையைக் கதகதப்பாக வைத்திருப்பார்கள். முதலில் தலைவலி, வாந்தி, பசியின்மை. அப்புறம் கண்ணும் தோலும் மஞ்சளாகும். 1914-ல் ஜெர்மனியிலும், லண்டனை ஒட்டிய ஹெண்டனிலும் விமானத் தொழிற்சாலை ஊழியர்கள் மஞ்சள் காமாலையில் விழ ஆரம்பித்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். டாக்டர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். உடனே நிறுத்தினார்களா என்றால், இல்லை. போருக்கு விமானம் வேண்டுமே! பிரிட்டனில் அந்தக் கரைப்பானைக் கைவிட 1916 ஆகிவிட்டது. போர் விமானிகளுக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது. இந்தப் பெண்களை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

அன்றைக்கு இறக்கைக்கு முதல் மரியாதை லினனுக்கு. ஆளிச் செடியின் தண்டு நாரில் நெய்தது. (ஆளி விதையை இன்று சத்துமாவில் போடுகிறோம். விதைதான் நமக்கு, நார் விமானத்துக்கு.) அயர்லாந்து லினன் என்றால் அப்பீலே கிடையாது. ஆனால் ஆளி விளைந்த பெல்ஜியம் ஜெர்மனி கையில் போனது, ரஷ்யாவில் புரட்சி வந்தது. லினனுக்குத் தட்டுப்பாடு. 1917-ல் போரில் குதித்த அமெரிக்கா, மாற்றாக ஒரு முறுக்கான பருத்தித் துணியை உருவாக்கியது. அதுதான் 'கிரேடு ஏ காட்டன்'. ஒரு அங்குல அகலம் 80 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும். வெயிலில் காய்ந்து 56-க்குக் கீழே போனால் கதை முடிந்தது, துணியை உரித்துப் புதிதாகப் போர்த்த வேண்டும்.

இந்தக் கதையில் நம்ம பக்கத்துப் பங்கும் உண்டு. ஆந்திராவில் நரசாபூர் பக்கம் மாதவாய்பாளையம் என்று ஒரு இடம். கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே துணிக் கிடங்கு வைத்திருந்தது. அந்தப் பேர் வெள்ளைக்காரன் வாயில் 'மடபோலம்' ஆகி, ஒரு மெல்லிய பருத்தித் துணிக்கே பேராகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியைக் கலங்கடித்த மொஸ்கிட்டோ விமானத்தின் மர உடம்புக்கு மேல் ஒட்டியது மடபோலம்தான்! 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தாரே, அந்த பஸ் மாத் விமானமும் இரும்புக் குழாயின் மேல் துணி போர்த்தியதுதான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதை மெட்ராஸுக்கு ஓட்டி வந்தார்.

பெரிய விமானங்கள் அலுமினியத்துக்கு மாறிவிட்டன. ஆனால் துணி ஒழியவில்லை. கிட்டாக வாங்கி வீட்டு கராஜிலேயே விமானம் கட்டுகிறவர்கள் இன்றும் துணியைத்தான் தேடுகிறார்கள். பருத்தியும் லினனும் அல்ல. பாலியஸ்டர்! 1941-ல் மான்செஸ்டரில் கலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷனில் வேலை பார்த்த வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தது. (கலிகோ, நம்ம கள்ளிக்கோட்டை தந்த பேர்.) பிரிட்டனில் டெரிலின், அமெரிக்காவில் டேக்ரான். ஒரு காலத்தில் மாப்பிள்ளைச் சட்டைக்கு நாம் ஆலாய்ப் பறந்த அதே டெரிலின்தான்.

டெரிலின் சட்டையை அயர்ன் பண்ணும்போது சூடு அதிகமானால் சுருங்கிவிடும் என்று அம்மாக்கள் திட்டுவார்கள். விமானம் கட்டுகிறவருக்கு வேண்டியதே அந்தச் சுருக்கம்தான். கலிஃபோர்னியாவில் ரே ஸ்டிட்ஸ் என்பவர் 1960-களில் இதற்கு ஒரு முழு முறையையே உருவாக்கினார். துணியைச் சட்டத்தின் மேல் ஒட்ட வேண்டியது, வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்க்க வேண்டியது. 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஆரம்பித்துக் கடைசியாக 350. துணி விறைத்து நிற்கும். அதற்கு மேல் சூடேற்றினால் மறுபடி தளர்ந்துவிடும். அதனால் பெட்டியின் டயலை நம்பாமல், தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார்கள்.

பசை மட்டும் போதாது. இறக்கையின் மேல்பக்கத்தில் காற்று துணியைப் பிடித்து மேலே உறிஞ்சும். 1918-ல் நியூபோர்ட் 28 என்ற பிரெஞ்சு விமானத்தில் வேகமாகக் கீழே பாயும்போது மேல் இறக்கைத் துணி கிழிந்து பறந்தது. அமெரிக்க வீரர் ரிக்கன்பேக்கர் அப்படிக் கிழிந்த இறக்கையோடு தப்பி வந்தவர். அதனால், இறக்கையின் விலா எலும்புகளோடு துணியை மெழுகு நூலால் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்தத் தையலில் விழும் முடிச்சு, மீன்வலை முடிச்சின் தம்பி!

எந்தத் துணி என்று தேர்வு செய்வதில் எடைதான் வில்லன். ரொம்ப லேசான அல்ட்ராலைட்டுக்கு மெல்லிய துணி, கொஞ்சம் வேகமானதற்குக் கனமான துணி. சிலவற்றுக்குத் தலையணை உறை மாதிரி தைத்து வரும் பாய்மரத் துணியை அப்படியே மாட்டிவிடலாம். வேலை மிச்சம்தான், ஆனால் வெயிலில் போட்டால் சீக்கிரம் நைந்துவிடும். காசு மிச்சம் பண்ண ஒரு கம்பெனி பசையும் இன்னொரு கம்பெனி பெயின்ட்டும் கலப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், மளிகைக் கடையில் காட்டவேண்டிய சிக்கனம் அது. ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவானில் உரிந்தால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

பாலியஸ்டருக்கும் எதிரி வெயில்தான். புற ஊதாக் கதிர் அதன் நூலைத் தின்றுவிடும். ஆகவே கலர் அடிப்பதற்கு முன்னால் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு. குறைத்து அடித்தால் சில வருஷத்தில் துணி காலி. கூட அடித்தால் எடை ஏறும். எத்தனை கோட் போதும் என்று பார்க்க ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். கராஜை இருட்டாக்கிவிட்டு, ஒரு 60 வாட் பல்பை இறக்கைக்கு உள்ளே பிடிக்க வேண்டும். வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தால், இன்னும் ஒரு கோட்.