குன்னூரில் தொடங்கிய தராசு



தாம்பரத்தில் எமது மதரஸாவில் தங்கிப் பயிலும் பிள்ளைகளுக்கு உணவுப் பட்டியல் எழுதுவது எங்கள் பொறுப்புகளுள் ஒன்று. ஒருநாள் மாணவர் ஒருவரின் தாயார், "ஹஜ்ரத், பிள்ளைக்குச் சத்தான சாப்பாடு கிடைக்கிறதா?" என்று கேட்டார். வயிறு நிறைகிறது என்று சொல்ல முடிந்தது. சத்து எவ்வளவு என்று சொல்ல இயலவில்லை. அதற்கு விடை தேடியபோது அறிந்த வரலாறு இது.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். வெண்மையாகத் தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்போரை அந்நோய் தாக்கியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே தீட்டிய பின்னும் புழுங்கலரிசியில் அது எஞ்சுகிறது. நம் பாட்டிமார் பழக்கத்தால் அறிந்ததை ஆய்வுக்கூடம் அளந்து காட்டியது. அவ்வோர் அறை 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது.

1935-இல், உலக நாடுகள் சங்கத்தின் சுகாதார அமைப்பில் பணியாற்றிய அய்க்ராய்ட் அதன் இயக்குநராக வந்தார். இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்த கையேடு 1937-இல் வெளியானது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உருவானதும், 1946-இல் அதன் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநராக அவரே சென்றார். அவ்வமைப்பு 1949-இல் பன்னாட்டுப் பயன்பாட்டிற்கான உணவுச்சத்து அட்டவணையை வெளியிட்டது.

நாடுகள் ஏன் கூடிப் பேச வேண்டும்? ஓர் உதாரணம் போதும். உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கியே புரதம் கணக்கிடப்படுகிறது. பொதுவான பெருக்கெண் 6.25, அரிசிக்கெனத் தனியே வகுத்தது 5.95. ஒரே அரிசிக்கு இரு புரத அளவுகள்! இத்தகைய வேறுபாடுகளைக் களைந்து பொது வழிமுறைகளை உருவாக்கவே, 1984-இல் ஐ.நா. பல்கலைக்கழகத்தின் முயற்சியில் 'இன்ஃபுட்ஸ்' எனும் பன்னாட்டு வலையமைப்பு தோன்றியது. அளவையில் குறைவு செய்வோரை எச்சரித்தே ஸூரா அல்முதஃப்பிஃபீன் தொடங்குகிறது என்பதை அறிந்த நமக்கு, இம்முயற்சியின் அருமை எளிதில் விளங்கும்.

குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது; 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் முதலானோர் அதன் அட்டவணையை 1971-இல் புதுப்பித்தனர். 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில், நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து திரட்டிய 528 உணவுகளின் 151 கூறுகள் இடம்பெற்றன.

எனினும் அவை பெரும்பாலும் சமைக்காத பொருள்களே. நம் நோன்புக்கஞ்சி ஒரு கோப்பையில் எவ்வளவு மாவுச்சத்து என்று நீரிழிவுள்ள பெரியவர் கேட்டால், அரிசி, பருப்பு, கைமா, தேங்காய்ப்பால் ஒவ்வொன்றையும் நிறுத்து நாமே கூட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் பக்குவம் வேறு. சேர்க்கும் அளவும் வேறு. பள்ளிவாசல் சமையற்கட்டில் அதைக் குறித்துவைக்க ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும்.

நாங்கள் மதரஸாவில் அவ்வாறே தொடங்கினோம். பச்சரிசிச் சோற்றுக்குப் பதில் புழுங்கலரிசி, வாரம் இருமுறை முருங்கைக்கீரை, மாலையில் பாசிப்பயறு சுண்டல் எனப் பட்டியல் மாறியது. அத்தாயாரிடம் இப்போது அந்த நோட்டையே காட்டுகிறோம். பிறர் பிள்ளைகளின் உணவு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்கும் கணக்கு உண்டு.